சூட்டுக்கோல்

அண்ணனும் தம்பியும் அரியணைக்காக அடித்துக்கொண்டு, நாடே இரண்டாகக் கிடந்த காலம். ஒருநாள் காலையில் அண்ணன் ராஜாவின் தூதன் ஆற்றங்கரை மடத்துக்கு வந்து ஓலையை வாசித்தான். "இன்று முதல் நம் நாட்டில் யாரும் யாருக்கும் அடிமை இல்லை."

தலைமுறை தலைமுறையாக மடத்துக்கு நெல் குத்தியவர்கள் உலக்கையைக் கீழே வைத்தார்கள். அவர்கள் எல்லார் தோளிலும் மடத்தின் சூலக்குறி இருந்தது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அதைப் போட்டுவந்தவர் சீடர் அம்பலவாணர். வாதம் என்று வந்துவிட்டால் அவரை யாரும் அசைக்க முடியாது. அன்றும் சும்மா இருப்பாரா? தூதன் தலை மறைந்ததும் குருவிடம் வந்து நின்றார்.

"சுவாமி, ராஜாவுக்கு இரக்கமா பொங்கிவிட்டது? போருக்கு ஆள் போதவில்லை. தம்பியின் வயலில் உழைப்பவர்கள் இந்தப் பக்கம் ஓடி வரட்டும் என்று பார்க்கிறார். இதற்குப் பெயர் விடுதலையா?"

"சூட்டுக்கோலைக் காய்ச்சி எடுத்து வா" என்றார் குரு.

அம்பலவாணருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் காய்ச்சி எடுத்து வந்தார்.

முற்றத்தில், நெல் குத்தியவர்களில் ஒருவனான உலகன் தன் மகள் பூவாளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான். ஐந்து வயதுப் பிள்ளை. போன மாதம்தான் அவளுக்குக் குறி விழுந்தது.

"உலகா, கொஞ்சம் வந்துவிட்டுப் போகிறாயா?"

உலகன் வந்தான். குரு மேலாடையை விலக்கி அவன் முன் மண்டியிட்டார்.

"குறி போடச் சொன்னவன் நான். போட்டவன் இவன். எங்கள் இரண்டு பேர் தோளிலும் நீ போடு."

குரு மண்டியிட்ட பிறகு சீடன் நிற்க முடியுமா? அம்பலவாணரும் மண்டியிட்டார்.

உலகன் மகளை இறக்கிவிட்டுக் கோலை வாங்கினான். முதலில் அம்பலவாணரிடம்தான் வந்தான். தோளருகே சூடு வந்தது.

"அசையாதீங்க சாமி."

எத்தனையோ பேரிடம் அம்பலவாணர் சொன்ன வார்த்தை அது. பூவாளிடமும் சொல்லியிருக்கிறார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தார். இரும்பைப் பார்த்த பூவாள் தன் தோளைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். உலகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போடு" என்றார் குரு.

"மாட்டேன் சாமி."

அந்த மடத்தில் அவன் அப்பனோ பாட்டனோ அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவனுக்கே அது புதிதாக இருந்தது போலும். இன்னொரு முறை, நிதானமாகச் சொன்னான்.

"மாட்டேன்."

கோலைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டான். அது சீறி அடங்கியது. மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அதுவரை அவர்களுக்குப் பின்வாசல்தான். அவன் பெரிய வாசல் வழியாகப் போனான்.

அம்பலவாணருக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை.

குரு மேலாடையைப் போர்த்திக்கொண்டார்.

"ராஜா விடுதலையை எதற்காகக் கொடுத்தார் என்று கேட்டாய். வாங்கியவன் முதலில் அதை எதற்குச் செலவழித்தான், பார்த்தாயா?"