முதல் ஊசி

அந்த ஊரில் கோயில் கொடையானாலும் சலூன் திறப்பானாலும் முதல் மரியாதை ஊர்ப் பெரியவர் ஆவுடையப்பருக்குத்தான். பந்தல்காரர் மகள் சுடர்க்கொடி டாக்டருக்குப் படித்து வந்து, சொந்தமாகக் கிளினிக் திறந்த அன்று, தடுப்பூசி போட்டுக்கொள்ள ஊரே வரிசையில் நின்றது. ஆவுடையப்பர் கொட்டுமேளத்தோடு வந்து வாசலை மறித்தார்.

"ஏ பிள்ள, எனக்கு மரியாதை பண்ணாம ஒருத்தனும் உள்ள போவக்கூடாது. மாலை, பரிவட்டமெல்லாம் எனக்கு அலுத்துப்போச்சு. இதுவரைக்கும் எவனும் செய்யாத மரியாதையா இருக்கணும். இல்லைன்னா இந்தக் கதவுக்குப் பூட்டுதான்!"

சுடர்க்கொடி கைகூப்பினாள்.

"ஆகட்டும் ஐயா. கிளினிக்குல முதல் மரியாதைன்னா முதல் ஊசிதான். மத்தவங்களுக்குக் கையிலதான் போடுவேன். உங்களுக்குத் தனி மரியாதை. வேட்டியைத் தளர்த்திட்டுக் குப்புறப் படுங்க."

மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஊசியைக் கண்ட ஆவுடையப்பர் வேட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, முதல்ல பிள்ளைகளுக்குப் போடுங்க. நான் கடைசியா வாரேன்."

"டாக்டர்கிட்ட 'வாரேன்'னு சொல்லக்கூடாது ஐயா. 'போறேன்'னு சொல்லிட்டுப் போங்க."