ஒன்பதாம் கல்லில் இறங்கிய பல்லக்கு

பல்லக்கைத் தாங்குவது தோள் என்று உலகத்தார் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது முறையாகாது. கம்பு தோளில் சும்மா படுத்திருக்கிறது, அவ்வளவுதான். பாரத்தைத் தாங்குவது முழங்கால். கருவேல நாட்டில் பல்லக்குத் தூக்கி ஓய்ந்தவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேருக்கும் தோள் தேக்குக் கட்டை. முழங்கால்தான் ஒருவருக்கும் மடங்கவில்லை.

ஆகவே அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முழங்கால் போனவருக்கு அரண்மனையிலிருந்து மாதாமாதம் நெல், உயிருள்ளவரை.

கஜானா அமைச்சர் சிவக்கொழுந்துக்கு இது உறுத்தியது.

"மகாராஜா, தூக்குகிறவர்கள் பதினாறு பேர். தூக்கி முடித்தவர்கள் நாற்பது பேர். அந்த நாற்பதில் ஒருவராவது சாகிற வழியாக இல்லை. களஞ்சியம் எத்தனை நாள் தாங்கும்?"

"என்ன செய்யலாம்?" என்றார் மன்னர் வழுதிராயர்.

"அவரவர் முதுமைக்கு அவரவரே சேர்க்கட்டும். கூலி நெல்லில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைப்போம். முழங்கால் போனதும் கொடுத்துவிடுவோம். அரண்மனைக்குச் செலவே இல்லை."

மன்னர் தலையாட்டினார். கணக்குப் பேச்சு வந்தால், சீக்கிரம் முடியட்டும் என்று அந்தத் தலை தானாகவே ஆடும்.

பல்லக்குக்காரர்களின் தலைவர் ஒச்சப்பன் அமைச்சரைப் பார்க்கப் போனார். இருபத்தைந்து வருஷமாகத் தூக்குகிறவர்.

"சாமி, என் கால் இன்னும் இரண்டு வருஷம் தாங்கும். அதற்குள் நான் சேர்க்கிற நெல் இரண்டு மாதச் சாப்பாட்டுக்குத்தான் வரும். மூன்றாம் மாதம் நான் என்ன சாப்பிட?"

"அதை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்."

"அப்போது நீங்கள் சட்டம் போடவில்லையே, சாமி. சரி, என்னோடு தூக்குகிற பையன்கள் சேர்க்கிற நெல்லாவது அதுவரை புழுத்துப் போகாமல் இருக்குமா?"

"அரண்மனை வாக்குக் கொடுக்கிறது."

"அரண்மனை என்றால் யார், சாமி?"

"நான்தான் அரண்மனை. போய் வேலையைப் பார்."

ஒச்சப்பன் நேராக நல்லபெருமாளிடம் போனார். நல்லபெருமாள் அரசவையில் இருந்தார். மன்னரைச் சிரிக்க வைப்பது தவிர அவருக்கு வேறு வேலை கிடையாது. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒச்சப்பன் காதில் ஏதோ சொன்னார். ஒச்சப்பன் முதலில் பயந்தார். பிறகு சிரித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சம்பந்தி அரண்மனையில் மன்னருக்கு விருந்து. சரியாகப் பத்துக் கல் தூரம். முன்னால் மன்னர் பல்லக்கு, பின்னால் அமைச்சர் பல்லக்கு, பக்கத்தில் மட்டக்குதிரையில் நல்லபெருமாள். உச்சி வெயில். ஒன்பதாம் கல் வந்ததும் இரண்டு பல்லக்கும் தரையில் இறங்கின.

திரையை விலக்கினார் மன்னர். "என்ன ஒச்சப்பா, வந்துவிட்டோமா?"

"ஒன்பதாம் கல் வந்துவிட்டது, மகாராஜா."

"விருந்து பத்தாம் கல்லில் அல்லவா?"

"அந்த ஒரு கல்லைப் பிடித்து வைத்திருக்கிறோம், மகாராஜா."

"பிடித்து வைத்திருக்கிறீர்களா? எதற்கு?"

"உங்கள் முதுமைக்கு."

மன்னர் மெதுவாகத் திரும்பினார். "ஓய் நல்லபெருமாள்! இது உம்முடைய வேலைதானே?"

"யோசித்துப் பாருங்கள், மகாராஜா. ஒவ்வொரு பயணத்திலும் பத்தில் ஒரு பங்கு. எழுபது வயதில் மொத்தமாகக் கிடைக்கும். காசி வரைக்கும் ஒரே மூச்சில் போகலாம்."

"எனக்குக் காசி வேண்டாம். சம்பந்தி வீட்டுக்கு இப்போது போக வேண்டும். இலை போட்டுவிட்டார்கள்!"

"ஒச்சப்பன் வீட்டுப் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்களாம், சோறு இப்போதே இலையில் வேண்டும் என்று."

மன்னர் ஒச்சப்பனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் எழுபது வயதில் கேட்டால் இவன் எங்கே இருப்பான்? இவன் முழங்கால் எங்கே இருக்கும்?"

"அதற்குத்தான் அமைச்சர் வாக்குக் கொடுக்கிறாரே" என்றார் நல்லபெருமாள்.

"வாக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வாக்கு என்னைத் தூக்குமா?"

நல்லபெருமாள் பின்பல்லக்கின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மன்னரும் பார்த்தார். அந்தத் திரை சட்டென்று மூடிக்கொண்டது.

தூரத்தில் சம்பந்தி வீட்டு மேளம் கேட்டது. மன்னர் சற்று நேரம் தாடையைத் தடவினார்.

"களஞ்சியம் தாங்காது என்பதும் பொய்யில்லை" என்றார். "இப்படிச் செய்வோம். இதுவரை தூக்கியவர்களுக்குப் பழைய வழக்கமே. இனிமேல் சேருகிறவர்கள் பிடித்தத்தில் பாதி போடட்டும். மறுபாதி அரண்மனை போடும். அந்த நெல்லுக்குத் தனிப் பத்தாயம். இரண்டு பூட்டு. ஒரு சாவி ஒச்சப்பன் கையில். சரியா?"

ஒச்சப்பன் தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்படியானால் இந்தக் கடைசிக் கல்லிலும் பாதி எங்கள் பங்கு, மகாராஜா. தூக்குகிறோம்."

"மறுபாதி?"

"அது அரண்மனைப் பங்கு" என்றார் நல்லபெருமாள். "அரண்மனைதான் நடக்க வேண்டும்."

மன்னர் முகம் வெளிறியது. "சம்பந்தி வாசலுக்கு நான் நடந்து போவதா?"

"தாங்கள் எதற்கு மகாராஜா? 'நான்தான் அரண்மனை' என்று ஒச்சப்பனிடம் சொன்னவர், இதோ, அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறார்."

மன்னர் சிரித்த சிரிப்பில் மட்டக்குதிரை இரண்டடி பின்வாங்கியது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி நல்லபெருமாள் மேல் வீசிவிட்டு, "சிவக்கொழுந்து, இறங்கும்!" என்றார்.

மறுநாள் காலையில் அமைச்சர் வீட்டிலிருந்து அரண்மனைச் செருப்புக்காரருக்கு ஆள் போனது. அடித்தோல் மூன்று மடங்கு தடிப்பாக ஒரு ஜோடி வேண்டுமாம்.