முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்

"அரசாங்கப் பணத்துக்கு இனி என்னால அலைய முடியாது மேடம். கம்பெனி தர்றேங்குது. வாங்கிக்கலாமா?"

கேட்ட செபஸ்தியானுக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபது வருஷம் டெலிபோன் கம்பம் ஏறி இறங்கியவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்திருந்தார். நெறியாளர் முத்தெழில் அவரைவிடப் பதினான்கு வயது இளையவர்.

மலையூர்களுக்கும் போன் வசதி தருவதாகச் சொல்லித்தான் கம்பெனிகள் உரிமம் வாங்குகின்றன. சொன்னபடி தந்தார்களா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதே செபஸ்தியானின் ஆய்வு. பாதி மலைதான் முடிந்திருந்தது. மீதிக்கு நிதி கேட்டால் அரசு நிதிக்குழு மூன்றாவது தடவையும் கையை விரித்துவிட்டது. குழு கூடுகிற ஊரில் சிக்னலுக்கு என்ன குறைச்சல்? ஆய்வுக் காலம் முடியப் பத்து மாதமே இருந்தது. அந்த மலையில் டவர் வைத்த கம்பெனியோ தேடி வந்து தருகிறேன் என்றது.

"நிபந்தனை ஏதும் போட்டாங்களா?"

"ஒண்ணுமே இல்ல மேடம். ஆய்வேட்டோட முதல் பக்கத்துல நன்றின்னு ஒரு வரி போட்டாப் போதுமாம்."

"அப்ப அதை இப்பவே எழுதுங்க."

எழுதினார்.

"சத்தமா வாசிங்க."

வாசித்தார். கம்பெனியின் பெயர் கணீரென்று வந்தது.

"இனி, இதுவரை எழுதினதுல கடைசிப் பக்கம்."

அது அவரே அட்டைக்கடி பட்டு அலைந்து எழுதிய பக்கம். இடி மின்னலிலும் கம்பத்தில் நின்ற மனிதருக்கு ஏனோ குரல் எழும்பவில்லை.

"பதினோரு ஊர்களில் டவர் இருக்கிறது. சிக்னல் போதிய அளவில் இல்லை."

"இன்னொரு தடவை."

"பதினோரு ஊர்களில் டவர் இருக்கிறது. சிக்னலை மேம்படுத்த வேண்டியுள்ளது."

முத்தெழில் எழுந்து வந்து அந்த வரியின் கீழே விரலை வைத்தார்.

'சிக்னல் இல்லை' என்றுதான் எழுதியிருந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பாறை உச்சிக்கு ஓடி, இறங்கி வருவதற்குள் மனைவியைப் பறிகொடுத்தவர் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதிய வரி. செபஸ்தியானுக்கு வெட்கமாக இருந்தது. தன் மீதே கோபமாகவும் இருந்தது.

"அவங்க இன்னும் பணமே தரலையே சார்" என்றார் முத்தெழில்.

நன்றி எழுதிய தாளை செபஸ்தியான் நான்காகக் கிழித்தார். பிறகு, திரும்பி வந்த விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தார்.

"நாலாவது தடவைக்குக் கடைசித் தேதி என்னைக்கு மேடம்?"