ஆறு நிமிடச் சுற்று

இந்தக் கதையை நான் முழுதாக நம்பியதில்லை. பதினெட்டு வருடமாக நம்பாமலேயே பலரிடம் சொல்லியும் வந்திருக்கிறேன். எனக்குச் சொன்னவர் கேப்டன் தனசிங், நாகர்கோவில்காரர், விமானப் பயிற்சி ஆசிரியர். பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் பயந்துபோன மூன்று பேர் இரண்டு நிமிடத்துக்குள் இவ்வளவு தெளிவாகப் பேசியிருப்பார்களா? அப்படிப்பட்ட நேரங்களில் எனக்கு வாயே திறந்ததில்லை.

கொங்குப் பக்கம், சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு பழைய ஓடுபாதை. அதில் ஒரு சிறிய பறக்கும் சங்கம். இரண்டு பேர் உட்காரும் விமானங்கள் இரண்டு. பாடம் படிக்க வருகிறவர்களும் அவற்றில்தான் பறப்பார்கள். என்னைப் போல உரிமம் வாங்கிவிட்டு வாடகைக்கு எடுக்கிறவர்களும் அவற்றில்தான்.

கொட்டகைச் சுவரில் கருவிகளை மாட்டும் பலகை ஒன்று உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் கீழே அதன் உருவத்தைச் சிவப்பு பெயின்ட்டில் வரைந்திருப்பார்கள். எங்காவது சிவப்பு தெரிந்தால் ஒரு கருவி இடத்தில் இல்லை என்று அர்த்தம். அது விமானத்துக்குள்ளேயே கிடக்கலாம். அதனால் சிவப்பு தெரியும்போது எந்த விமானமும் வெளியே போகாது. அந்தச் சங்கத்தில் மீறக்கூடாத வழக்கம் அது.

அன்று காலை மெக்கானிக் நாச்சிமுத்து ஒரு விமானத்தின் இருக்கைக்குப் பின்னால் தரைத்தகட்டைத் திறந்து, வாலை இயக்கும் வடத்தைப் பார்த்துவிட்டு மூடினார். பலகையைப் பார்த்தார். சிவப்பு இல்லை. விமானத்தைக் கொடுத்தார்.

அதில் செண்பகவல்லி ஏறினாள். கோவில்பட்டிப் பெண், இருபத்திரண்டு வயது. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் அவள் பறக்கப்போவது அதுதான் முதல் தடவை. தனியாகப் போய் இறங்குகிறவர் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம்.

"ஏங்கண்ணு, குளிச்சுட்டு வந்தியா, இல்ல நாங்கதான் குளிப்பாட்டோணுமா?" என்றார் நாச்சிமுத்து.

"நான் குளிச்சாச்சுண்ணே. நீங்கதான் பொங்கலுக்குப் பொங்கல் போல."

விமானம் கிளம்பியது. மேலே ஏறி, ஓடுபாதையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்க ஆறு நிமிடம். நாச்சிமுத்து கொட்டகைக்குத் திரும்பி, வேறு வேலைக்காகப் பலகையிலிருந்து நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பிடி மஞ்சளாக இருந்தது. சங்கத்துடையது கறுப்புப் பிடி. மஞ்சள் அவருடைய சொந்தச் சாமான். முந்தின நாள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவர், அன்று காலை தகட்டை மூடியதும் கையிலிருந்த அதைக் கைப்பழக்கத்தில் காலியாயிருந்த கொக்கியில் மாட்டிவிட்டிருக்கிறார். சிவப்பை மறைத்தது அதுதான்.

அவர் ரேடியோ அறைக்கு ஓடினார். அங்கே தனசிங்கும் சங்கச் செயலாளர் ரங்கமணி அம்மாளும் இருந்தார்கள்.

"சொல்லிருங்க கேப்டன்," என்றார் நாச்சிமுத்து. "கறுப்புப் பிடியை எடுத்துட்டு உள்ள குனிஞ்சது எனக்கு ஞாபகம் இருக்குதுங்க. அது வடத்துல சிக்குச்சுன்னா வால் அசையாது. சொன்னாத்தான் அந்தப் புள்ள ட்ரிம்மு மேல கைய வெச்சிருக்கும்."

ட்ரிம் என்பது இருக்கைகளுக்கு முன்னால், நடுவில் இருக்கும் சிறிய சக்கரம். முக்கிய வடம் சிக்கிக்கொண்டாலும், அதைத் திருப்பி மூக்கை ஓரளவு ஏற்றி இறக்கலாம்.

"இறக்கவே வேண்டாம்," என்றார் ரங்கமணி. "மேல நல்லாத்தானே பறக்குது? இறங்கும்போதுதான் கண்ட்ரோலை வயித்தோட சேர்த்து இழுக்கணும். ரெண்டு மணி நேரப் பெட்ரோல் இருக்கு. சுத்திக்கிட்டே இருக்கட்டும், நாம முதல்ல கொட்டகைக்குள்ள தேடுவோம்."

தனசிங் தலையாட்டவில்லை. "வால் மாட்டிக்கிடும்னு சொன்னா, அதுக்கு முன்னாடி பயத்துல அவ கை மாட்டிக்கிடும். தெரியாமலே இறங்கட்டும்."

மைக் அவர் கையில் இருந்தது.

"செண்பா, நீளமா, மெதுவா வந்து இறங்கு. எதையும் வெடுக்குன்னு இழுக்காத. கீழ காத்து மாறியிருக்கு."

காற்றின் திசையைக் காட்டும் துணிப்பை ஒன்று ஓடுபாதை ஓரக் கம்பத்தில் உண்டு. ரேடியோ இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"சார், காத்துப்பை கம்பத்தோட ஒட்டித் தொங்குது, காத்தே இல்ல. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மக்கா. சொன்னதைச் செய்."

 விமானம் ஓடுபாதையை நோக்கித் திரும்பியது. மூவரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

சொல்லச் சொன்னவர், சுற்றச் சொன்னவர், மறைத்தவர். இவர்களில் யார் செய்தது சரி?

அவள் இறங்கிவிட்டாள். இரண்டு முறை குதித்து, பாதையை விட்டுப் புல்லில் ஓடி நின்றாலும் இறங்கிவிட்டாள். தகட்டைத் திறந்தபோது கறுப்புப் பிடி வடத்தின் கப்பிக்கு ஒரு விரல்கடை தள்ளிக் கிடந்தது. அதில் வடம் உரசிய தடம் புதிதாக இருந்தது. ஆனாலும் தனசிங் செய்தது சரி என்று ஆகிவிடாது. நாச்சிமுத்து சொன்னதே சரி என்பது என் விடை. ரங்கமணி சொன்னபடி தேடி, கொட்டகையில் கிடைக்காமல் போயிருந்தால் மறுபடி அதே கேள்விதான்; அவள்தான் இன்னும் களைத்திருப்பாள். தனசிங் மறைத்தது அவள் பயப்படக் கூடாதென்று. காற்றுப்பையைப் பார்த்தபோதே அவளுக்குப் பயம் வந்துவிட்டது. எதற்குப் பயப்பட வேண்டும், எந்தச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

இதை நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மைக் என் கையில் இருந்திருந்தால் நானும் காற்றின் மேல்தான் பழியைப் போட்டிருப்பேனோ என்னவோ. போன மாதம் நாகர்கோவிலில் தனசிங்கைப் பார்த்தேன். கதையை மறுபடி சொன்னார், ஒரு வார்த்தை மாறாமல். முடித்ததும் கேட்டேன்: "கேப்டன், தரைக்கு நூறடி இருக்கும்போது கண்ட்ரோல் இறுகிப்போய், அவ 'சார்'னு கத்தியிருந்தா, அப்பவும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லியிருப்பீங்களா?"