சடையாண்டிக்குப் பேச்சு வராத கதை

"கட்டியை முழுசா எடுத்துட்டேன் மேடம். ஆனா அந்த ஆளுக்கு இன்னும் பேச்சு வரலை!"

பரிதி டம்ளரை வைத்த வேகத்தில் பாதிக் காபி மேசைக்குப் போனது.

பக்கவாத சிகிச்சை பழக வந்த டாக்டர் அவன். சொல்லித்தருகிறவர் டாக்டர் தில்லைநாயகி. தொடை வழியாக மெல்லிய குழாயை மூளை வரை ஏற்றி, கம்பி வலையில் ரத்தக்கட்டியைச் சிக்கவைத்து இழுத்துவிடுவான் பரிதி. மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. அதில் கெட்டிக்காரன். அது அவனுக்கும் தெரியும், அதுதான் தொல்லை.

சடையாண்டி பூ மார்க்கெட்டில் ஏலம் கூவுகிறவர். அந்தத் தொண்டைதான் வீட்டுக்குச் சோறு போட்டது. இப்போது எதைக் கேட்டாலும் "ம்" என்கிறார்.

"யார் மேல கோபம்?" என்றார் தில்லைநாயகி.

"அவர் தம்பி மேல! அண்ணனுக்கு வாய் கோணிப்போச்சு. அதைப் பார்த்துட்டும், ராகுகாலம் முடியட்டும்னு வீட்லயே உக்கார வச்சிருக்கான். நினைச்சாலே பத்திக்கிட்டு வருது மேடம்."

"அவனைக் கேட்டியா?"

"கேக்காம விடுவேனா?"

"என்ன கேட்ட? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

பரிதி உற்சாகமாக எழுந்து நின்றான்.

"'நீயெல்லாம் ஒரு தம்பியா? மூளை செத்துக்கிட்டு இருக்கு, நல்ல நேரமா பாக்குற?'ன்னேன். ரத்தம் போகலைன்னா மூளை என்ன ஆகும்னு படம் போடாத குறையா விளக்கினேன். அழுதான். நான் விடலை. 'உங்க ஊர்ல படிச்சவனே கிடையாதா?'ன்னு கேட்டேன். அவன் பொண்டாட்டி வந்தா. அவளுக்கும் முதல்லேர்ந்து விழுந்துச்சு."

தில்லைநாயகியின் முகம் இறுகியது.

"எங்க வச்சுத் திட்டின?"

"ஸ்கேன் ரூம் வாசல்ல."

"அப்ப சடையாண்டி எங்க?"

"அங்கதான் மேடம். ஸ்ட்ரெச்சர்ல."

"அடைப்பு எங்கேன்னு ஸ்கேன்ல பார்க்காம உன் கம்பி உள்ள போகுமா?"

"போகாது."

"உள்ள வேற யாருக்காவது ஸ்கேன் ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

பரிதி மெல்ல உட்கார்ந்தான்.

"இல்ல மேடம். ரூம் காலியாத்தான் இருந்துச்சு."