பாலத்தில் ஊதாத விசில்

கோவையில் வண்டிகளுக்குக் கருவி வடிவமைப்பவர் எஸ்தர். அவரிடம் நல்லசாமி பாடம் கேட்டு வந்தார். சீடருக்குக் குருவைவிடப் பதினோரு வயது கூடுதல். அதில் இருவருக்கும் வெட்கமில்லை.

அன்று நல்லசாமி முகம் தொங்கிப்போய் வந்தார்.

“என்னாச்சுங்கண்ணா?”

“நான் செஞ்ச கருவிதானுங்க. டிரைவர் கண்ணு ரோட்டை விட்டு விலகினா ‘கவனம்’னு குரல் கொடுக்குமே, அது. பள்ளிக்கூட வேன் எல்லாத்துலயும் மாட்டிட்டாங்க. என் சம்சாரம் செந்தாமரை ஓட்டற வேன்லயும்.”

“நல்லதுதானுங்களே?”

“திருப்பத்துல அவ பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்திருக்கா. உடனே இது கத்தியிருக்கு. என்னமோ ஏதோன்னு இதைத் திரும்பிப் பார்த்தவ, வண்டியைச் செவுத்துல உரசிட்டா. உள்ளே பதினாலு பிள்ளைங்க. சாமி புண்ணியத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. ஆனா சனிக்கிழமை சாவியைக் கொடுத்துடறேங்கறா. ஒம்பது வருசமா ஓட்டறா, அந்த வேன்னா அவளுக்கு உசுரு. சத்தத்தைக் குறைக்கட்டுங்களா? இல்ல, பொம்பளைக் குரலா மாத்தட்டுங்களா?”

எஸ்தர் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு டவுன் பஸ்ஸில் ஏறினார். கண்டக்டருக்குப் பக்கத்தில் இருவரும் நின்றுகொண்டார்கள்.

குறுகலான வாய்க்கால் பாலம் வந்தது. எதிரே ஒரு டிப்பர் லாரி. பாலம் முடியும் இடத்திலேயே ஸ்டாப். அங்கே இறங்கவேண்டிய ஒருவர், “விசில் அடிங்க, விசில் அடிங்க” என்று பறந்தார்.

விசில் கண்டக்டரின் உதட்டில்தான் இருந்தது. அவர் ஊதவில்லை. டிரைவர் லாரியை உரசாமல் மெல்ல ஒடித்து, பாலத்தைக் கடந்து வண்டியை நேராக்கினார். அதற்குப் பிறகே விசில் கேட்டது.

ஸ்டாப்பிலிருந்து முப்பது அடி தள்ளி பஸ் நின்றது. “தூங்கறியாய்யா?” என்று திட்டிக்கொண்டே அந்த ஆள் இறங்கினார்.

நல்லசாமிக்குப் பாதி புரிந்தது.

“நேரம் தள்ளிச் சொன்னா இப்படித்தான் ஆகுமுங்க. பாவம், அவரு ஸ்டாப்பை விட்டுட்டாருங்களே.”

எஸ்தர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார்.

“ரெண்டு காலாலயும் நடந்து போறாரு, பாருங்க.”

நல்லசாமி எட்டிப் பார்த்தார். அவருக்கு மனசு லேசாகிவிட்டது. சாவியைக் கொடுத்துடாதே, கருவியைச் சரிபண்ணிடுவேன் என்று செந்தாமரையிடம் அந்த நிமிடமே சொல்லவேண்டும் போலிருந்தது. போனை எடுத்தார். மணி நாலு பத்து. போனைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“பேசலீங்களா?” என்றார் எஸ்தர்.

“வண்டி ஓட்டிட்டு இருப்பாளுங்க.”