கறுப்புக் கம்பளியில் ஏறின பிரதானி

கை அதுபாட்டுக்கு அவரைக்காய்க்கு நார் உரிக்கட்டும், நான் கதையைச் சொல்கிறேன்.

வெகு காலத்துக்கு முன்னால் வடசீனத்துப் புல்வெளியில் சியான்பெய் என்று குதிரைக்கார ஜனங்கள் இருந்தார்கள். சிதறிக் கிடந்த ஏழு கூட்டத்தையும் ஒன்று சேர்த்து, முதன்முதலாக ராஜ்ஜியம் கட்டினவன் ஊலன். மகா சூரன். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி.

அவர்களுக்குக் கிரீடம் கிடையாது. ஆட்டு மயிரை அடித்துச் செய்த கறுப்புக் கம்பளியில் ஒருவனை நிறுத்தி, கூட்டத்துக்கு ஒருவராக ஏழு பேர் தூக்குவார்கள். அப்படித் தூக்கினால்தான் அவன் ராஜா.

பட்டம் கட்டுகிற அன்று கெபின் என்கிற பிரதானி ஊலன் காதைக் கடித்தான்.

"பிரபு, ஏழாவது கூட்டம் உங்களிடம் தோற்ற கூட்டம். அதன் தலைவி நாமி உங்கள் கம்பளியைத் தொடலாமா? அவர்களைத் துரத்துங்கள். அவர்கள் மேய்ச்சல் நிலம் நமக்கு வேட்டைக்காடு ஆகும்."

"அதுவும் சரிதான். ஆறு பேர் போதும். நாமி, உன் ஜனங்களோடு இன்றைக்கே கிளம்பு!"

பனி கொட்டுகிற மாசம். மேய்ச்சலை விட்டுப் போனால் குதிரைகள் சாகும், பின்னாலேயே பிள்ளைகளும் சாகும். நாமி அழவில்லை.

"போகிறேன் பிரபு. ஆனால் அந்தக் கம்பளியை அடித்தவள் நான். ஆறு பேர் தூக்கி நீங்கள் சரிந்து விழுந்தால்? உங்களுக்குச் சமமான ஆள் யாரையாவது முதலில் ஏற்றிப் பாருங்களேன்."

"சமமான ஆளா? என்னை விட்டால் யாரம்மா?" கெபின் மீசையைத் தடவிக்கொண்டு ஏறி நின்றான். ஆறு பேர் தூக்கினார்கள்.

நாமி தடாலென்று தரையில் விழுந்தாள். "கெபின் மகாராஜா வாழ்க!"

ஊலன் கை வாளுக்குப் போனது. "ஓகோ! இவன் ராஜாவென்றால் நான் யார்?"

கெபின் குதித்து வந்து காலைப் பிடித்தான். "ஐயோ பிரபு, ஆறு பேர்தானே தூக்கினார்கள்! ஏழு பேர் தூக்காமல் எவனும் ராஜா ஆக முடியாதே!"

"கேட்டுக்கொண்டீர்களா பிரபு?" என்றாள் நாமி.

ஊலன் வயிறு குலுங்கச் சிரித்தான். "அடி கெட்டிக்காரி! இவன் பேச்சைக் கேட்டு நானும் இவனைப் போலத்தான் நின்றிருப்பேன். நிலம் என்றைக்கும் உங்களுடையது. டேய் கெபின், இனி நாமி வீட்டுக் குதிரைச் சாணத்தை நீதான் அள்ளுகிறாய்!"

அப்புறம் ஏழு பேரும் தூக்கினார்கள், ஏழாவது ஆளாக நாமி ஒரு ஓரம் பிடித்தாள். ஊலன் மேற்கே திரும்பி வானத்தைக் கும்பிட்டான். பல்லாயிரம் குதிரைகள் நின்ற வெளியில் ஒரு கனைப்புக்கூட இல்லையாம். அத்தனை பெரிய சூரன் தன்னைத் தூக்கிய கைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தானாம், நாமி கையைப் பார்த்ததும் அவன் கண்ணில்... இரு, உள்ளே கூப்பிடுகிறார்கள். இதோ வந்துட்டேன் அத்தை!